மெத்தோட்ரெக்ஸேட் போதவில்லை என்றால்? முடக்குவாதத்தில் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது

கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாமல் போய், ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி-சி.சி.பி. என்ற எதிர்ப்புப் புரதங்கள் கூடுதல் என்று வந்து, இது முடக்குவாதம்தான் என்று டாக்டர் உறுதி செய்துவிட்டால், அநேகமாக எல்லோருக்கும் முதலில் எழுதப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அதுவரை பெரிய குழப்பம் இல்லை. நான்கைந்து மாதம் கழித்துத்தான் குழப்பம் தொடங்குகிறது. வலி பாதி குறைந்திருக்கும், மீதி அப்படியே நிற்கும். டாக்டர் சில வழிகளைச் சொல்வார்: இன்னும் இரண்டு மாத்திரைகளைச் சேர்க்கலாம், அழற்சிப் புரதங்களையோ செல்களையோ குறிவைக்கும் பயாலஜிக் ஊசி போடலாம், டோஃபாசிடினிப் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். வீட்டில் ஒருவர் "செலவைப் பார்க்க வேண்டாம், ஊசியே போட்டுவிடலாம்" என்பார். இன்னொருவர் "ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தியே போய்விடுமாம்" என்பார். அந்தக் கட்டத்தில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகளை வலுவானது, வலுவில்லாதது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதில் பயன் குறைவு. ஒவ்வொன்றும் அழற்சியை ஓர் இடத்தில் வெட்டுகிறது. அந்த இடத்தில் வெட்டினால் உங்கள் உடம்பில் வேறு எது திறந்துகொள்ளும் என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். நம் ஊரில் அந்த 'வேறு எது' என்பதில் முதலில் நிற்பது காசநோய்.

மூட்டுக்குள் நடப்பது

நல்ல நிலையில் உள்ள விரல் மூட்டின் உட்புறச் சவ்வு ஒன்றிரண்டு செல் தடிமன் மட்டுமே இருக்கும். முடக்குவாதத்தில் அது தடித்துச் சதைபோல வளர்ந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அந்தச் செல்களில் பெரும்பகுதி அங்கேயே பிறந்தவை அல்ல, ரத்தத்திலிருந்து வந்து சேர்ந்தவை. அவற்றை வரவழைப்பவை கீமோகைன்கள் என்ற சிறிய புரதங்கள்.

சவ்வில் உள்ள செல்கள் கீமோகைனைச் சுரக்கின்றன. அது பக்கத்தில் ஓடும் நுண்ணிய ரத்தநாளத்தின் உள்சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தோடு போகும் வெள்ளையணு அந்தச் சுவரை உரசியபடி மெதுவாக உருண்டு வரும். அதன் மேற்பரப்பில் அந்தக் கீமோகைனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், அதாவது ஏற்பி, இருந்தால் உருளுவதை நிறுத்தி, சுவரை இறுகப் பற்றிக்கொண்டு தட்டையாகி, இரண்டு செல்களின் இடுக்கில் நுழைந்து திசுவுக்குள் இறங்கிவிடும். சி.எக்ஸ்.சி.எல்.8 என்ற கீமோகைன் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகையை அழைக்கிறது. சி.சி.எல்.2 மோனோசைட்டுகளையும், சி.எக்ஸ்.சி.எல்.10 டி-செல்களையும், சி.எக்ஸ்.சி.எல்.13 பி-செல்களையும் அழைக்கின்றன. வந்த செல்கள் சும்மா இருப்பதில்லை. அவையும் டி.என்.எஃப்., ஐ.எல்.-6 போன்ற செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. அதைப் பெறும் சவ்வுச் செல்கள் இன்னும் கீமோகைன் சுரக்கும், இன்னும் வெள்ளையணுக்கள் வரும். முதலில் இதைத் தொடங்கி வைத்த காரணம் எதுவானாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு இந்தச் சுழல் தன்னைத்தானே ஓட்டிக்கொள்கிறது. காலை இறுக்கம், வீக்கம், சூடு எல்லாம் இதன் வெளிப்பாடு.

அழைப்பவை கீமோகைன்கள் என்றால் அவற்றையே தடுத்துவிடலாமே? மருந்து நிறுவனங்களும் இதைத்தான் நினைத்தன. 1996-இல் ஒரு பெரிய நம்பிக்கை பிறந்தது. சி.சி.ஆர்.5 என்ற கீமோகைன் ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யாதவர்கள் ஐரோப்பியரில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் இருக்கிறார்கள், அவர்களை எச்.ஐ.வி. பெரும்பாலும் தொற்றுவதில்லை என்று தெரியவந்தது. அதே ஏற்பியை அடைக்கும் மராவிராக் மாத்திரை 2007-இல் எச்.ஐ.வி.க்கு அனுமதி பெற்றது. அதை முடக்குவாத நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. சி.சி.எல்.2-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) மருந்தும் தோற்றது. அதன் ஏற்பியான சி.சி.ஆர்.2-ஐ அடைத்த ஆன்டிபாடியும் தோற்றது.

ஏன்? மனித உடலில் ஐம்பதை ஒட்டிய கீமோகைன்களும் சுமார் இருபது ஏற்பிகளும் உண்டு. ஒரு கீமோகைன் பல ஏற்பிகளோடு பொருந்தும், ஓர் ஏற்பி பல கீமோகைன்களை ஏற்கும். தேரோட்டத்தன்று ஒரு தெருவை அடைத்தால் கூட்டம் அடுத்த தெரு வழியாக வந்து சேர்ந்துவிடுகிற மாதிரி, ஒரு ஏற்பியை அடைத்தாலும் செல்கள் வேறு வழியில் மூட்டுக்குப் போய்விடுகின்றன. இன்றுவரை முடக்குவாதத்துக்குக் கீமோகைனை நேரடியாகத் தடுக்கும் மருந்து எதுவும் புழக்கத்துக்கு வரவில்லை.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். சவ்விலிருந்து எடுத்த செல்களில் டி.என்.எஃப்.பை மட்டும் தடுத்தபோது மற்ற அழற்சிப் புரதங்களும் சேர்ந்து குறைவதை ஃபெல்ட்மனின் குழு கவனித்திருந்தது. 1992-இல் நோயாளிகளுக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள், வீக்கம் இறங்கியது. பிறகு செய்த ஆய்வுகளில், அந்த ஊசிக்குப் பின் மூட்டில் சி.எக்ஸ்.சி.எல்.8, சி.சி.எல்.2 ஆகியவை குறைந்ததையும், கதிரியக்க அடையாளமிட்ட வெள்ளையணுக்கள் மூட்டுக்குப் போவது குறைந்ததையும் நேராகவே காட்டினார்கள். அழைப்புகளை ஒவ்வொன்றாக மறிப்பதை விட, அழைக்கச் சொல்லும் உத்தரவை நிறுத்துவது பலித்தது. இன்று உங்கள் முன் வைக்கப்படும் எல்லா வழிகளும் அந்த உத்தரவை எங்கே நிறுத்துவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

அடுத்த மருந்துக்கு முன்: மெத்தோட்ரெக்ஸேட் நிஜமாகவே தோற்றதா?

இந்தக் கேள்வியை நான் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் சித்திக்கு 'மெத்தோட்ரெக்ஸேட் கேட்கவில்லை' என்று ஊசிக்குப் பேச்சு வந்தபோது, மூட்டுவாத நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது "வாரம் எத்தனை மில்லிகிராம்?" என்றுதான். பத்து. அதிலும் குமட்டல் தாங்காமல் பல வாரம் போடாமலே விட்டிருக்கிறார். அதை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. நிபுணர் அதே மருந்தை ஊசியாக மாற்றி, அளவைப் படிப்படியாக ஏற்றினார். மழைக்காலம் முடிவதற்குள் சித்தி திரும்பவும் மாவு பிசையத் தொடங்கிவிட்டார்.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு 20, 25 மில்லிகிராம் வரை ஏற்றக்கூடிய மருந்து. மாத்திரையாகச் சாப்பிடும்போது வாரம் 15 மில்லிகிராமைத் தாண்டினால் குடல் உறிஞ்சுவது அதற்கேற்றபடி கூடுவதில்லை. தோலுக்கடியில் போடும் ஊசியாக அதையே எடுத்தால் முழு அளவும் ரத்தத்துக்குப் போகிறது, குமட்டலும் பலருக்குக் குறைகிறது. விலையும் பயாலஜிக் ஊசிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆகவே குறைந்த அளவில் மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு இது பலிக்கவில்லை என்று முடிவு கட்டுவது அவசரம்.

இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் வலி அழற்சி வலிதானா? ஏற்கெனவே தேய்ந்துபோன முழங்கால் வலிக்கும். தைராய்டு குறைந்தாலும் உடம்பு வலிக்கும். தூக்கம் கெட்டாலும் வலிக்கும். அவற்றுக்கு எந்த டி.என்.எஃப். ஊசியும் உதவாது. வீங்கிய மூட்டுகளை டாக்டர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எண்ணி, ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்த்து, சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் சவ்வுக்குள் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மருந்தை மாற்றலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும். புகை இந்த நோயைக் கூட்டுவதோடு மருந்து வேலை செய்வதையும் கெடுக்கிறது.

ஓர் எச்சரிக்கை. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் சாப்பிட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சில கம்பெனிகளில் அதே மாதிரி சின்னதாக, மஞ்சளாக இருக்கும். சித்தி வீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் அட்டையில் பேனாவால் 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதி, தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதைச் செய்யத் தவறாதீர்கள்.

இந்த மருந்தின் பின்னால் நமக்குப் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவிலிருந்துதான் ஃபோலிக் ஆசிட் தயாரிப்பும், அதற்கு எதிராக வேலை செய்யும் இந்த வகை மருந்துகளும் வந்தன. அவை முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டன. முடக்குவாதத்துக்கு அமெரிக்கா முறையாக அனுமதி தந்தது 1988-இல். சுப்பாராவ் 1948-லேயே இறந்துவிட்டார். இவ்வளவு பேரின் விரல்கள் கோணாமல் காப்பாற்றிய மருந்து இது. ஊசிகள் எத்தனை வந்தும் பெரும்பாலானவற்றை இதோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

ஸ்டீராய்டை ஒரு வழியாக எண்ண வேண்டாம்

1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் முதல் முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். படுத்த படுக்கையாக இருந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். ஹென்ச்சுக்கு 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வேகம்தான் ஆபத்து. இன்று தரும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசோலோன் தொடங்கிய வாரத்திலேயே நிம்மதி கிடைப்பதால் பலர் வருடக்கணக்கில் விடுவதில்லை. எலும்பு பலவீனமாகிறது, சர்க்கரை ஏறுகிறது, கண்புரை வருகிறது, தொற்று கூடுகிறது. மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்களுக்குக் குறைந்த அளவில் எடுப்பது சரி. அதைத் தாண்டி நீடிக்கிறது என்றால் முதன்மை மருந்து போதவில்லை என்று அர்த்தம். லேபிள் இல்லாத பொடியோ குளிகையோ 'மூட்டு வலிக்கு உடனடி நிவாரணம்' தந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

மூன்று மாத்திரைக் கூட்டு

மெத்தோட்ரெக்ஸேட்டோடு சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டையும் சேர்ப்பது முதல் வழி. பழைய மருந்துகள், மலிவு, காசநோய்ப் பயம் மிகக் குறைவு. இதை 'ஊசிக்கு வசதி இல்லாதவர்களுக்கு' என்று ஒதுக்கிப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட் போதாத 353 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்தக் கூட்டையும் மறுபகுதிக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு எடானெர்செப்ட் என்ற டி.என்.எஃப். ஊசியையும் கொடுத்தார்கள். 24 வாரத்தில் பலன் தெரியாதவர்கள் மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டார்கள். அப்படி மாறியவர்கள் இரு பக்கமும் 27 சதவீதம்தான். 48 வாரத்தில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. முதலில் கூட்டைக் கொடுத்து, பலிக்காதவருக்கு மட்டும் ஊசி என்ற வரிசையில் போனால் நோயாளிக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் இதை எல்லோருக்கும் பொருந்தும் விடையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இந்தக் கூட்டை ஊசியோடு ஒப்பிட்டு ஸ்வீடனில் நடந்த ஆய்வில் இரண்டு வருட முடிவில், நோயாளிகள் உணர்ந்த முன்னேற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும், எக்ஸ்-ரேயில் எலும்பு அரிப்பு இன்ஃப்ளிக்சிமாப் என்ற டி.என்.எஃப். ஊசி போட்டவர்களுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. எனவே ஆரம்பத்திலேயே எக்ஸ்-ரேயில் அரிப்பு தெரிகிறவர், ஆன்ட்டி-சி.சி.பி. மிக அதிகமாக உள்ளவர், நிறைய மூட்டுகள் வீங்கியவர் இந்தக் கூட்டில் வருடக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அமெரிக்க மூட்டுவாதச் சங்கத்தின் 2021 வழிகாட்டியும் மெத்தோட்ரெக்ஸேட் போதாத கட்டத்தில் ஊசி வகைகளைச் சேர்ப்பதையே சற்று முன்னே வைக்கிறது. இங்குள்ள செலவையும் காசநோயையும் வைத்துப் பார்த்தால், நோய் நடுத்தரமாக இருப்பவர்களுக்குக் கூட்டு முதலில் என்பதே என் நிலை.

தொந்தரவுகள்: ஒரு நாளைக்கு விழுங்க வேண்டிய மாத்திரைகள் அதிகம், பலர் இதிலேயே சலித்து விட்டுவிடுகிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் சல்ஃபாசலசின் எடுக்கக் கூடாது. ஆண்களுக்கு அது விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்குத் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம். சிலர் கூட்டுக்குப் பதில் லெஃப்ளூனமைடு என்ற வேறொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள், அப்போது கல்லீரல் பரிசோதனையில் இன்னும் கவனம் வேண்டும்.

டி.என்.எஃப். ஊசிகளும் காசநோயும்

அடாலிமுமாப், எடானெர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் மூன்றும் நம் ஊரில் அதிகம் பேசப்படுபவை. அடாலிமுமாபின் உலகின் முதல் பயோசிமிலரை (அதற்கு ஒப்பான மாற்றுத் தயாரிப்பை) 2014 டிசம்பரில் ஸைடஸ் நிறுவனம் இந்தியாவில்தான் வெளியிட்டது. அதற்குப் பிறகு விலை இறங்கி, முன்பு நினைத்தே பார்க்காத குடும்பங்களும் இதைப் பற்றி யோசிக்கின்றன. பலிக்கிறவர்களுக்கு இது விரைவாகவே பலிக்கிறது. எலும்பு அரிப்பை நிறுத்துவதில் நிரூபணம் வலுவானது.

விலை இறங்கிய பிறகு முன்னே வந்து நிற்கிற கேள்வி காசநோய். காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் போனால் உடம்பு அதைப் பெரும்பாலும் கொன்றுவிடுவதில்லை, சிறைவைக்கிறது. மேக்ரோஃபேஜ்களும் டி-செல்களும் கிருமியைச் சுற்றித் திரண்டு கிரானுலோமா என்ற சுவரைக் கட்டுகின்றன. அவற்றை அங்கே வரவழைப்பவை யார்? அதே கீமோகைன்கள். சுவர் கலையாமல் நிற்க வேண்டியது எது? அதே டி.என்.எஃப். விரலைக் கோணவைக்கும் ஏற்பாடும் நுரையீரலைக் காப்பாற்றும் ஏற்பாடும் ஒன்றுதான். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் தளரும்.

இது 2001-இல் உறுதியானது. இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை ஒரு கட்டுரை தொகுத்தது. அதில் 48 பேருக்கு மூன்று ஊசிக்குள்ளேயே வந்திருந்தது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே, நிணநீர்க் கட்டி, வயிறு, மூளை உறை என்று பரவியிருந்தது. புதிதாகத் தொற்றியதை விட, உள்ளே அடங்கிக் கிடந்தது விழித்துக்கொண்டதாகவே இந்த வேகம் காட்டுகிறது. அந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் காசநோய் குறைவான நாடுகளில் இருந்தவர்கள். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேரிடம் காசநோய்த் தொற்றின் அடையாளம் இருந்தது. எனவே 'எனக்கு டி.பி. வந்ததே இல்லை' என்பது இங்கே போதுமான பதில் ஆகாது.

டி.என்.எஃப். ஊசி பேச்சு வந்தவுடன் மார்பு எக்ஸ்-ரே, மான்டூ தோல் பரிசோதனை, இக்ரா ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால் மான்டூ பாசிட்டிவ் ஆகலாம், இக்ராவை அது பாதிக்காது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு மான்டூ நெகட்டிவ் என்று ஏமாற்றலாம். தொற்று உண்டு என்று வந்தால் ஊசிக் கதவு மூடிவிடாது. தடுப்பு சிகிச்சையைத் தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் கழித்து ஊசியைத் தொடங்குவார்கள். தடுப்பு சிகிச்சையில் தரும் ஐசோனியசிடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை, அதனால் அந்த மாதங்களில் கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது, இருக்கிறது என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த மூன்றுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் பல ஆயிரம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களுக்குக் காசநோய் வந்த விகிதம் எடானெர்செப்ட் போட்டவர்களை விட மூன்று நான்கு மடங்கு. இரண்டில் எதுவானாலும் சரி என்று டாக்டர் சொன்னால், நம் ஊரில் நான் எடானெர்செப்ட் பக்கம்தான் சாய்வேன். வாரம் ஒரு ஊசி என்பது தொந்தரவுதான். ஆனால் நிறுத்த வேண்டி வந்தால் உடம்பை விட்டு விரைவில் போய்விடும் என்பதும் அதற்கு ஒரு சாதகம்.

டோஃபாசிடினிப்

ஊசி இல்லை, குளிர்ப்பெட்டி வேண்டாம், தினம் இருவேளை மாத்திரை. இந்தியாவில் ஜெனரிக் வந்து விலையும் கைக்கெட்டுகிறது. இந்த மருந்து செல்லுக்குள் இருக்கும் ஜாக் என்ற நொதிகளைத் தடுக்கிறது. ஐ.எல்.-6, இன்டர்ஃபெரான் போன்ற பல செய்திகள் செல்லுக்குள் போகும் பாதை அது, டி-செல்களை அழைக்கும் சி.எக்ஸ்.சி.எல்.10 சுரப்பும் இதனால் குறைகிறது. ஒரே மாத்திரையில் பல செய்திகள் நிற்பதால் பலன் நன்றாகவே இருக்கிறது.

பலரும் இதற்குத் தாவுவது எனக்குப் புரிகிறது. ஆனால் யார் தாவுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 50 வயதைத் தாண்டி, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ புகைப் பழக்கமோ ஏதாவது ஓர் இதய அபாயம் உள்ள 4,362 பேரை வைத்து, டி.என்.எஃப். ஊசிகளோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு டோஃபாசிடினிப் பக்கம் 3.4 சதவீதம், ஊசிப் பக்கம் 2.5. புற்றுநோய் 4.2, ஊசிப் பக்கம் 2.9. இதன் முதல் முடிவுகள் வந்தபோதே, 2021 செப்டம்பரில், டி.என்.எஃப். ஊசி பலிக்காதவர்களுக்கோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கோ மட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மட்டுப்படுத்தியது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களைப் போன்றவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய, சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு 'ஊசி வேண்டாம் என்பதால்' இதைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நாற்பதுக்குள், இதய அபாயம் இல்லாத, புகைக்காதவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு இது நியாயமான தேர்வு.

அக்கி வருவது இந்த மருந்தில் கூடும். அதற்கான தடுப்பூசி இந்தியாவிலும் இப்போது கிடைக்கிறது, மருந்து தொடங்குமுன் போட்டுக்கொள்வது நல்லது. காசநோய்ப் பரிசோதனை இதற்கும் கட்டாயம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் வகை மருந்து டோஃபாசிடினிபின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால் இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது.

மற்ற இரண்டு ஊசிகள்

ரிட்டுக்சிமாப் பி-செல்களை ஒழிக்கிறது. ஆர்.ஏ. ஃபேக்டரோ ஆன்ட்டி-சி.சி.பி.யோ பாசிட்டிவ் ஆனவர்களுக்கே நன்றாகப் பலிக்கும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை மருத்துவமனையில் டிரிப்பாக ஏற்றுவார்கள், பிறகு சுமார் ஆறு மாதம் கழித்துத் தேவைப்பட்டால் மறுபடியும். இங்கே இதன் பெரிய சாதகம், டி.என்.எஃப். காக்கும் அந்தக் கிரானுலோமா சுவரைத் தொடாததால் காசநோயை எழுப்பும் அபாயம் குறைவு. முன்பு காசநோய் வந்து பாதியில் மருந்தை விட்டவர், நுரையீரலில் பழைய வடு உள்ளவர் ஆகியோருக்கு இதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன். டாக்டர் ரெட்டீஸ் 2007-லேயே இதன் இந்தியப் பதிப்பைக் கொண்டுவந்துவிட்டதால் ஆண்டுச் செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்யாமல் இதைத் தொடங்கவே கூடாது, அடங்கியிருக்கும் வைரஸ் கிளம்பிக் கல்லீரலைச் செயலிழக்க வைத்துவிடும். தடுப்பூசிகளை ஒரு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது.

டோசிலிசுமாப் ஐ.எல்.-6 ஏற்பியை அடைக்கிறது. ஜப்பானில் கிஷிமோட்டோவின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டையே எடுக்க முடியாதவர்களுக்கு இதற்கு ஓர் இடம் உண்டு. தனியாகக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வில் அடாலிமுமாபை விட இது மேலாக இருந்தது. கவனிக்க வேண்டியது, சி.ஆர்.பி.யைக் கல்லீரலில் உற்பத்தி செய்யவைப்பதே ஐ.எல்.-6 என்பதால், இந்த ஊசியில் இருக்கும்போது நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் இருக்கலாம். காய்ச்சலுக்காக வேறு டாக்டரிடம் போனால் இந்த ஊசியில் இருப்பதை முதலில் சொல்லுங்கள். சி.ஆர்.பி. நார்மல் என்று அவர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

யாருக்கு எது

இன்னும் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு முதல் கேள்வியே வேறு. மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். லெஃப்ளூனமைடு உடம்பில் மிக நீண்ட காலம் தங்கும், அதை வெளியேற்றத் தனி மருந்தே தேவைப்படும். டோஃபாசிடினிபும் கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் கர்ப்பத்திலும் தொடரலாம், அவை போதாவிட்டால் டி.என்.எஃப். ஊசி. திருமணப் பேச்சு நடக்கிற நேரத்தில் நோயை மறைப்பதற்காக மருந்தையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்த ஒரு வருடத்தில் அரித்த எலும்பு திரும்ப வளராது.

அறுபதை நெருங்கும், சர்க்கரை உள்ள ஒருவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் முழு அளவு, பிறகு கூட்டு, பிறகு காசநோய்ப் பரிசோதனை முடித்து எடானெர்செப்ட் அல்லது ரிட்டுக்சிமாப். முப்பது வயதில் இருபது மூட்டு வீங்கி, எக்ஸ்-ரேயில் அரிப்போடு வருகிறவர் கூட்டில் நேரம் போக்காமல், பரிசோதனைகளை முடித்துக்கொண்டு ஊசிக்கே போவது நல்லது. கல்லீரல் பழுதால் மெத்தோட்ரெக்ஸேட் முடியாதவருக்குச் சல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் மட்டும் என்று தொடங்கலாம், போதாவிட்டால் எந்த ஊசி அந்தக் கல்லீரலுக்குப் பொருந்தும் என்று நிபுணர்தான் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் தனியாக முடிவு செய்ய வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் சென்னை ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை போன்ற இடங்களில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது, தனியாரில் பார்ப்பவர்களும் பெரிய ஊசியைத் தொடங்குமுன் அங்கே இரண்டாவது கருத்து கேட்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு ஒரு கெடு வையுங்கள். மூன்று மாதத்தில் நோய் பாதியளவாவது இறங்கியிருக்க வேண்டும், ஆறு மாதத்தில் வீக்கம் அடங்கிய நிலைக்கோ அதற்கு மிக அருகிலோ வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அதே மருந்தை நம்பி இன்னொரு ஆறு மாதம் ஓட்டாமல், முதலிலிருந்து இதுவரை எடுத்த மருந்துகளின் அளவும் தேதியும் எழுதிய ஒரு தாள், இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. முடிவுகள், பழைய கை எக்ஸ்-ரே ஆகியவற்றோடு டாக்டரிடம் போய் அடுத்த வழியைக் கேளுங்கள்.